மேல்வீட்டுத் தரை

சுவருக்கு வெள்ளை அடித்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் தெரியவில்லை, ஐயா. நான் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

கீழ்வீட்டில் தனியாக இருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அதிகம் பேச வராது. ஓய்வு நேரத்தில் வீட்டு அலங்காரப் படங்கள் பார்ப்பேன். முதலில் பிடித்தது, எதுவுமே இல்லாத பாணி. ஒரு பாய், ஒரு விளக்கு, ஒரு செடி. எனவே தேக்கு அலமாரியை மேல்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன்.

“சும்மாவா குடுக்குற? நெஜமாவா?” என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார்.

அவர் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் நிலையத்தில் வேலை. படியில் தூக்கும்போதே, “ஏம்மா, உள்ள ஆள் யாராவது இருக்காங்களா? நூத்தம்பது கிலோ தாண்டும்போல” என்றார். எதைப் பார்த்தாலும் எடை சொல்வார். பின்னால் அது எனக்கு மிகவும் உதவியாக இருந்தது.

செடி வாடியதும் மாளிகைப் பாணிக்கு மாறினேன். அது சலித்தபோது பளிங்கு மேசை மேலே போனது. அடுத்தது தொழிற்சாலைப் பாணி. செங்கல் தெரியும்படி சுவரைச் சுரண்டி, கனமான இரும்புத் தட்டுகள் வைத்தேன். அவையும் மேலே போயின.

“உனக்கு எப்படா போரடிக்கும்னு காத்துக்கிட்டே இருக்கேன்டி” என்பார் அக்கா.

பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். இரண்டு மாடி உயரக் கூடம். மேலே ஒரு ஜன்னல். அதன் வழியாக வெயில் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்திருந்தது. உள்ளே கூப்பிட்டது என் காதில் விழவில்லை.

எங்களுடையது இரண்டே வீடுகள் உள்ள கட்டடம். அந்த உயரம் ஏற்கெனவே அங்கே இருந்தது. நடுவில் அக்காவின் தரை இருந்தது, அவ்வளவுதான்.

நான் முறையாகக் கேட்டேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

“அக்கா, உங்களுக்கு இந்தக் கூடத்துத் தரை ரொம்பத் தேவையா?”

“தரை இல்லாம? தொங்கிக்கிட்டா டிவி பாக்குறது?”

கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருக்கு விருப்பமில்லை என்று புரிந்துகொண்டேன். யாரையும் வற்புறுத்தி எனக்குப் பழக்கமில்லை.

கொத்தனாரை அழைத்து, என் கூடத்தின் நடுவில் நிற்கும் தூணை எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“இதைத் தொட்டா மேல இருக்கவங்க கீழ வந்துருவாங்கம்மா.”

அவர் அதை எச்சரிக்கையாகச் சொன்னார். நான் தகவலாக எடுத்துக்கொண்டேன்.

தளம் போடும்போது முட்டுக் கொடுப்பார்களே, அந்த இரும்புக் கம்பம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நிறுத்தினேன். பிறகு தூணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்தேன். கம்பத்தைச் சுற்றித் திரை தொங்கவிட்டேன். மேல்வீட்டில் தூண் கிடையாது, கூரை சுவர்களிலேயே நிற்கிறது என்பதை அங்கே சாப்பிடப் போனபோது பார்த்துவைத்திருந்தேன். கூரைக்குச் சேதம் வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

கம்பத்தை உருவினாலும் தரை பாதியில் தொங்கி நின்றுவிடலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும். மேலே எடை வேண்டும். என் சாமான்கள் மட்டும் போதாது. மாமா அப்போதுதான் பணி ஓய்வு பெற்றிருந்தார்.

“சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு ஒரு விருந்து வைங்களேன்க்கா.”

“நீயா பேசுற! என்னங்க, இவ வாயத் தொறந்து பேசுறா, வந்து பாருங்க!”

மாலையில் வைத்தால் நல்லது என்றும் சொன்னேன். அவர்கள் கூடத்து ஜன்னல் மேற்குப் பார்த்தது.

அன்று மேலே ஒரே சிரிப்பும் நாற்காலி இழுக்கும் சத்தமுமாக இருந்தது. மாமா, வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி எடை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் எப்போதும் பெரிய குரல். நான் கீழே மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். போதும் என்று தோன்றியதும், கம்பத்தில் கட்டிய கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றேன்.

அக்கா கையில் தட்டோடு படியிறங்கி வந்தார்.

“எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க, நீ இங்க நிக்கிற. அது என்னடி கையில கயிறு?”

“புதுக் கூடம்க்கா. திரைக்குப் பின்னாடி இருக்கு.”

“எத்தனை நாளா மூடி வெச்சிருக்க. இழு, நான்தான் மொதல்ல பாக்கணும்.”

அவர் சொன்ன பிறகுதான் இழுத்தேன்.

மாமாவைப் பற்றியும் வந்தவர்களைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆம், அவர்கள் மேலே இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஜன்னல் அப்படியே இருந்தது. நான் நினைத்ததைவிட வெயில் ஆழமாக இறங்கியது, ஐயா. ஒரு கூடத்தை முதலில் மேல்நோக்கித்தான் பார்க்க வேண்டும். அக்காவும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார், தரை இருந்த இடத்தை. வாய் திறந்திருந்தது. தட்டு கையிலேயே இருந்தது. என் வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விடுவார்கள். அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. உங்கள் ஆட்கள் வந்து தோளைப் பிடித்து அழைத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவ்வளவு பிடித்துவிட்டது அவருக்கு.