பதினான்கு பேரின் 'எஸ் சார்'

முப்பது ஆண்டுகள் நீராவியில் நின்றும் வளையாத முதுகோடு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் சங்கத் தலைவி அம்மா அவர்களே! எந்த எந்திரம் முனகினாலும் அதன் முனகலை வைத்தே நோயைச் சொல்லிவிடும் மூத்த மெக்கானிக் ஐயா அவர்களே! மருத்துவமனை விரிப்புகளில் ஒட்டிவரும் மற்றவர் வலியையெல்லாம் துவைத்து, அலசி, மடித்து, மணக்க மணக்கத் திருப்பி அனுப்பும் என் தாய்மார்களே, அக்காமார்களே! கதவோரம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் அலுவலக உதவியாளர் அண்ணன் அவர்களே! உங்களுக்கும் வணக்கம். தாராளமாகப் பதிவு செய்யுங்கள். என் குரல் நடுங்குவதும் சேர்ந்தே பதிவாகட்டும்.

என்ன அக்கா? மைக்கைக் கிட்டே வைக்க வேண்டுமா? வைத்துவிட்டேன். "பயப்படாம பேசு" என்கிறீர்கள். அது ஒன்று மட்டும் என்னால் ஆகாது. பயத்தோடு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு இதே கூடத்தில் வேலை பார்க்கும் நான்தான் எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வாங்கிய பட்டம் ஆங்கிலத்தில். அதனால்தான் தலைவி அம்மா, "நம்ம பொம்பளைங்களுக்கு இங்கிலீஷப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார். சரி, ஆங்கிலத்தைப் பற்றியே பேசுகிறேன்.

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் இன்னொரு வினைச்சொல்லோடு சேரும்போது பெரும்பாலும் நடுவில் 'டு' என்று ஒரு சின்னச் சொல் வந்து நிற்கும். 'ஐ வான்ட் டு கோ' என்றால் நான் போக விரும்புகிறேன். வாசலில் காவலாளி நிற்பதுபோல அந்த 'டு' நிற்கிறது. ஆனால் சில வினைகளைக் கண்டால் அந்தக் காவலாளி ஒதுங்கிவிடுவான். லெட், மேக், சீ, ஹியர். விடுவது, செய்யவைப்பது, பார்ப்பது, கேட்பது. 'லெட் ஹர் கோ', அவளைப் போகவிடு. 'மேக் ஹர் ஒர்க்', அவளை வேலை செய்யவை. 'ஐ சா ஹர் ஃபால்', அவள் விழுந்ததைப் பார்த்தேன். அடுத்து வரும் வினை வெறுங்கையோடு வருகிறது. போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வருகிறது.

கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்குப் பயமில்லை. இப்போது பயமாக இருக்கிறது. ஏன் தெரியுமா? இந்த நான்கிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி செய்கிறாள். இன்னொருவர் செய்யவிடுகிறார், அல்லது செய்யவைக்கிறார், அல்லது பார்த்துக்கொண்டு நிற்கிறார். செய்தவள் ஒருத்தி, செய்யவைத்தவர் ஒருவர் என்றால், பழி யாருக்கு? காயம் யாருக்கு?

காயம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். நம் ரேடியோ அக்காவுக்கு. காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து பாட்டும் செய்தியும் விளம்பரமும் அவரே ஆகி நம்மைச் சிரிக்கவைத்த ரேடியோ அக்கா, இன்று மூன்று விரல் இல்லாத கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். நாம் துவைத்த விரிப்பின் மேலேதான் கிடக்கிறார். நேற்றுப் பார்க்கப் போனேன். "என்னடி, என் ஸ்டேஷன் இல்லாம அங்க எல்லாரும் தூங்குறீங்களா?" என்றார். சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

துணி பிழியும் எந்திரம் சுழன்று முழுதாக நிற்கும் வரை மூடியைத் தொடக்கூடாது. இது நம் சலவைக்கூடத்தில் யாருக்குத் தெரியாது? இருபது வருடம் அதன் பக்கத்தில் நின்ற ரேடியோ அக்காவுக்கா தெரியாது? பிறகு ஏன் திறந்தார்? அதைக் கேட்கத்தான் போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை உட்காரவைத்தார்கள். எதிரே, அன்று அந்த ஷிப்டில் வேலை பார்த்த நீங்கள் பதினான்கு பேரும் வரிசையாக நின்றீர்கள். பக்கத்தில் நம் மேற்பார்வையாளர், நாம் விசில் சார் என்று சொல்பவர், கைகட்டி நின்றார்.

அதிகாரி முதல் கேள்வி கேட்டார். "டிட் யூ சீ ஹர் ஓபன் இட்?" அவள் திறந்ததைப் பார்த்தீர்களா? நான் வாய் திறப்பதற்குள் பதினான்கு பேரும் ஒரே குரலில், "எஸ் சார்!"

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி. "நோபடி மேட் ஹர் ஓபன் இட்?" யாரும் அவளைத் திறக்கவைக்கவில்லை, அப்படித்தானே? மறுபடியும் பதினான்கு பேர், பட்டாசுச் சரம்போல, "எஸ் சார்!"

தாய்மார்களே, உங்களை நான் குறை சொல்ல வரவில்லை. எப்படிச் சொல்வேன்? காலை எட்டு மணி வரிசையில் விசில் சார் ஆங்கிலத்தில் ஏதோ கத்துவார். அவர் மூச்சு வாங்கியதும் நாம் "எஸ் சார்" சொல்ல வேண்டும். ஒருமுறை ஒருத்தி, "என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து ஒரு மாதம் அழுக்குத்துணிக் கிடங்கில் ஈரத்தில் நின்றாள். அன்றோடு நம் கூடத்தில் கேள்வி செத்தது. குரல் ஏறி இறங்குவதை வைத்தே எங்கே 'எஸ் சார்' போடுவது என்று பழகிவிட்டோம். அதிகாரியின் குரல் ஏறியது, இறங்கியது. நீங்கள் போட்டீர்கள்.

ஆனால் நான்? எனக்கு ஆங்கிலம் புரிந்ததே! 'ஐயா, இவர்களுக்குக் கேள்வி புரியவில்லை' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஐந்து விநாடி. விசில் சார் என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். அந்தக் காகிதம் புரண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரும் திறக்கவைக்கவில்லை, தானே திறந்தாள், சாட்சி பதினான்கு பேர். இப்படியே முடிந்தால் ரேடியோ அக்காவுக்கு வேலையும் இல்லை, மேற்கொண்டு சிகிச்சையும் இல்லை.

சங்கம் மனுக் கொடுத்து, நாளை காலை பத்து மணிக்கு மறுவிசாரணை வாங்கியிருக்கிறது. கடைசி விசாரணை.

"இனிமே புரிஞ்சுதான் சொல்லுவோம்" என்கிறீர்களா அக்கா? அப்படியா? எங்கே, பார்க்கலாம். நான்தான் அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நில்லுங்கள். "டிட் யூ சீ மீ ஸ்டீல் தி சோப்?"

பார்த்தீர்களா! கூரை அதிர "எஸ் சார்" வந்துவிட்டது! நான் கேட்டது என்ன தெரியுமா? நான் சோப்பைத் திருடியதைப் பார்த்தீர்களா என்று. ஒரு நொடியில் என்னைத் திருடியாக்கிவிட்டீர்களே! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தலைவி அம்மா, நீங்களும் சேர்ந்து சொன்னீர்கள், நான் கவனித்தேன்!

சிரித்தாயிற்றா? இப்போது யோசியுங்கள். இதே குரல், இதே வேகம், நாளை அந்த அறையில் வந்தால்?

 

ஒன்று சொல்கிறேன். அன்று எந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது விசில் சார் ரேடியோ அக்காவிடம் ஏதோ கத்தினார். அதைக் கேட்டவர் ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் ஒருவரைப் பேசவைக்கிறவள் ஆகிவிடுவேன். செய்யவைத்ததும் சொல்லவைத்ததும் போதும். அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும், அவரும் நாளை மறுநாள் அதே கூடத்துக்குப் போக வேண்டும். என்னைவிட அதிகமாகப் பயப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது. நான் கேட்பதெல்லாம் ஒன்றே. நாளை அதிகாரி எவ்வளவு கேட்டாலும், எவ்வளவு முறைத்தாலும், நான் தமிழில் சொல்லி முடிக்கும் வரை ஒருவரும் வாய் திறக்காதீர்கள். நானும் சொல்லாமல் விடமாட்டேன். இந்தமுறை விடமாட்டேன்.

இன்னொரு முறை முயன்று பார்ப்போம். உட்காராதீர்கள். "டிட் யூ ஹியர் ஹிம் ஷௌட் அட் ஹர்?"

...

ஒருவரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இதுவரை நம் கூடத்தில் கேட்காத அமைதி இது, தலைவி அம்மா!

யாரோ ஏதோ சொன்னீர்களே? மூன்றாவது வரிசையா? "தமிழ்ல சொல்லும்மா" என்கிறீர்கள்.

சொல்கிறேன். விசில் சார் அவரைப் பார்த்துக் கத்தியதை நீங்கள் கேட்டீர்களா?

...

தாய்மார்களே, மூன்றாவது வரிசையில் நிற்பவர் என் அம்மா. இந்தச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாகப் பிழியும் எந்திரத்தின் அந்தப் பக்கம் நிற்பவர். இன்று காலைகூட, "மேடையில ஏறி வம்ப வெலைக்கு வாங்காதடி" என்றவர். அவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நான் திருப்பிச் சொல்கிறேன். "கேட்டேன். 'ஆஸ்பத்திரி வண்டி வந்து நிக்குது, மிஷினு நிக்கிற வரைக்கும் எல்லாம் காத்திருக்க முடியாது, தொற'ன்னு கத்துனாரு. அவ மாட்டேன்னா. ரெண்டாவது தடவையும் கத்துனாரு. நான் என் காதால கேட்டேன்."

 பக்கத்தில் இருப்பவர்கள் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாளை இதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் நான் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. பத்து மணிக்கு முன்பே எல்லாரும் வந்துவிடுங்கள், சேர்ந்தே உள்ளே போவோம். பேச இடம் தந்த தலைவி அம்மாவுக்கும், நின்றுகொண்டே கேட்ட உங்களுக்கும், என் அம்மாவுக்கும் நன்றி. எல்லாருக்கும் என் வணக்கம்.