மாவ்பி பஸ்ஸில் புகைப் பேனா

“புகை வரணும், நாத்தம் வரக்கூடாது. அந்த மாதிரிப் பேனா எது மச்சான்?”

யாங்கோனின் கியாக்டடா பகுதியில் மாவ்பி ஊருக்கான பஸ் கிளம்பியதும் என் பின்சீட்டில் ஒருவன் தமிழில் கேட்டான். பேட்டரியில் எண்ணெயைச் சூடாக்கிப் புகை இழுக்கும் சீனப் புகைப் பேனாக்கள் அங்கே கடைகளில் தலைகாட்டிய புதிது.

“மலிவானதை வாங்காதே. அதுல கஞ்சா எண்ணெயை ஊத்தினா சூட்டுல கருகிப்போகும். நாத்தம் பக்கத்து வீடு வரைக்கும் வரும்.”

“கடைக்காரன் அப்படிச் சொல்லலியே.”

“விக்கிறவன் சொல்லுவானா? உன் பேரு, வீடு எல்லாம் எதுக்குக் கேட்டான்? போலீசுக்கு ஆள் காட்டிக் குடுக்குறவனா இருந்தா? மாட்டுனா வருசக்கணக்கா உள்ளதான்.”

“மெதுவாப் பேசு. முன்சீட்டுக்காரரு காது இங்கதான் இருக்கு.”

“பர்மாக்காரருடா. நம்ம பேச்சு அவருக்கு எங்க புரியும்?”

“புரியுதான்னு பாத்துருவோம்.” சட்டென்று குரலை உயர்த்தினான். “அண்ணே, கைலி அவுந்திருக்கு!”

நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால், கிளம்பியதிலிருந்து பர்மிய மொழியில் மட்டுமே கத்திக்கொண்டு படியில் தொங்கிவந்த கண்டக்டர், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையால் தன் கைலி முடிச்சை அவசரமாகத் தடவிப் பார்த்தார்.

 மாவ்பி வரைக்கும் காசு கொடுத்திருந்த பின்சீட்டுக்காரர்கள் இருவரும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனார்கள்.