ரூட் பெட்டியில் கிடந்த மெயில்கள்

அன்பும் அறிவும் அமைதியும் ஒருங்கே அமைந்த அம்மையீர், ராஜா அண்ணாமலைபுரத்து ரத்த வங்கியின் கணினிப் பிரிவைக் கண்ணெனக் காத்த திருமதி ஜெயபாரதி அவர்களே, வணக்கம்.

தங்கள் பணி ஓய்வுக்குப் பாராட்டு எழுத உட்கார்ந்த எங்களுக்குக் கோபமும் கூடவே வருகிறது. காரணம் தாங்கள்தான்.

அன்றன்று ரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் குழந்தைகளின் பட்டியலை விடியற்காலையில் லினக்ஸ் சர்வர் என்னும் நம் மையக் கணினி தானே தயாரிக்கும். தவறினால் மெயில் அனுப்பும். எங்களுக்கு ஒருநாளும் மெயில் வந்ததில்லை. ஆகவே அது தவறே செய்யாத இயந்திரம் என்று நிம்மதியாக நம்பியிருந்தோம். தாங்கள் ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் சென்ற மறுநாளே, திருவல்லிக்கேணியிலிருந்து நஸ்ருன்னிசா தம் மகள் புஷ்ராவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பட்டியல் இல்லை, ரத்தமும் எடுத்துவைக்கப்படவில்லை. குழந்தை உதடு வெளுத்துத் தாயின் தோளில் சாய்ந்திருந்தது.

தங்கள் பிரிவில் இருக்கும் நம் டில்லிபாபு சர்வரைத் துழாவிவிட்டுத் தங்களுக்குப் போன் செய்தார். "மேடம், லிஸ்ட் வேல ஊத்திக்கிச்சு. மெயில் டெலிவரி ஆச்சுன்னு சர்வரோட லாக் பதிவுல கீது. ஆனா ஒருத்தருக்கும் வர்ல. எங்கதான் போச்சு?"

"எங்கயும் போகல டில்லி. வெளி அட்ரஸ் ஒண்ணும் குடுக்கலையே. அந்த மெஷினுக்குள்ளயே ரூட் பெட்டியில விழுந்திருக்கும், திறந்து பாரு."

திறந்தோம், திகைத்தோம். ரூட் என்னும் தலைமைக் கணக்கின் பெட்டியில், ‘டிஸ்கில் இடமில்லை’, ‘பட்டியல் தயாராகவில்லை’ என்று வருடக்கணக்கான மெயில்கள். அன்றையதைத் தவிர அத்தனையும் படிக்கப்பட்டவை. நாங்கள் வருமுன்பே வந்து, படித்து, பழுது நீக்கி, பட்டியலையும் எடுத்துவைத்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் உட்கார்ந்திருந்தது தாங்களா? ஏன் சொல்லவில்லை என்றால், "தெனமும் பாக்கறதுதானே, இதுல சொல்ல என்ன இருக்கு" என்றீர்கள். பண்பின் உறைவிடமே, இது பொறுமையா, பொல்லாத பிடிவாதமா?

சாந்தோமில் இன்னொரு ரத்த வங்கியில் கேட்டு வாங்கிவந்து, மதியத்துக்குள் புஷ்ராவுக்கு ஏற்றிவிட்டோம். அதுவரை எங்களுக்கு உயிர் இல்லை. தங்கள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அதைவிடப் பெரிது தங்கள்மேல் உள்ள மரியாதை. அன்றே பட்டியல் வேலையின் உத்தரவுக் கோப்பில், தவறினால் மெயில் வரும்படி எங்கள் எல்லோருடைய மெயில் முகவரியையும் சேர்த்துவிட்டோம்.

நோயின்றி, கவலையின்றி, விடிந்த பிறகும் போர்த்திக்கொண்டு தூங்கி, பல்லாண்டு வாழ்க. இன்று காலையும் பட்டியல் தவறியது. மெயில் எங்களுக்கே வந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடிச் சரிசெய்தோம். தங்களை அழைக்கவில்லை.

இங்ஙனம்,
இனித் தாமே மெயில் பார்க்கும்
ரத்த வங்கி ஊழியர்கள்