பத்தாவது பிழை

எங்கள் கம்பெனி இருக்கும் தேர்வாய் கண்டிகையில் ஒரு மனிதரின் முழுக் கவனத்துக்கு விலை ஒரு மட்டன் பிரியாணி. நான் பேசிப் படிய வைத்த விலை அது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார், நிதானமாகச் சொல்கிறேன்.

தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் சாஃப்ட்வேர் எழுதுவது எங்கள் கம்பெனி. எழுதியதில் பிழை பார்ப்பது சுகிர்தாவின் குழு. அவர்களுக்கு மேலாளர் நான். எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள், யாரும் படிக்கமாட்டார்கள். மீஞ்சூரில் எங்கள் மளிகைக் கடைக்குப் புது ஆள் வந்தால், அப்பா கல்லாவுக்கடியில் ஒரு ரூபாய் நோட்டைப் போட்டுவைப்பார். பெருக்கும்போது எடுத்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். நானும் அப்படித்தான், சரியாக இருந்த நிரலில் நானே பிழைகளைப் போட்டுவைத்தேன். பிடிப்பவருக்குப் பிரியாணி.

"தப்பு கண்டுபுடிச்சா சோறா? இன்னா சார், அப்ப நான் ஊட்ல அடுப்பே பத்தவெக்க மாட்டேன்" என்றாள் சுகிர்தா. நான் போட்ட ஒன்பதையும் பிடித்தாள்.

பார்த்து முடித்ததை மறுபடி பார்ப்பார்களா? அது எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அதனால் பத்தாவதை அவள் சரிபார்த்த பிறகு போட்டேன். ஒரே வரிதான். கரண்ட் போய்த் திரும்பினால், உள்ளே கை இருந்தாலும் தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரம் இறங்கிவிடும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாஃப்ட்வேர் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்குப் போயிற்று. போவதற்கு முன் அந்த வரியை நான் எடுத்திருக்கலாம். ஆனால் என் ஆட்கள் பத்துக்குப் பத்தும் பிடித்துவிட்டார்கள் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தேன். அடுத்த சுற்றில் எப்படியும் பிடித்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன்.

அதற்குள் அங்கே கரண்ட் போய் வந்தது. பிரஸ் ஓட்டும் இம்மானுவேலுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

சுகிர்தா என் அறைக்கு வந்தாள். "நான் பாக்கசொல்ல அந்த வரி சரியா இருந்துச்சு சார். சத்தியமா."

"கண்ணு ஏமாத்தும்மா. மனசுல வெச்சிக்காத."

"ரெண்டு பொண்ணுங்களாம் சார் அவருக்கு. நான் எப்டி சார் தூங்குவேன்?"

பாவமாக இருந்தது. அவளுடைய ராஜினாமாக் கடிதத்தை நானே டைப் செய்து கொடுத்தேன்.

இப்போது இருப்பவர்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை படிக்கிறார்கள். பிரியாணிகூடக் கேட்பதில்லை. பயத்தில் படிக்கிறார்கள் என்பீர்கள், படிக்கிறார்கள் அல்லவா?

எழுதிக்கொள்ளுங்கள். நான் போட்டது பத்து. சுகிர்தா எடுத்தது ஒன்பது. மீதி ஒன்றை இம்மானுவேல் எடுத்துக் கொடுத்தார். பாக்கி இல்லை.