ஜெரூஷாவின் பச்சைக் கோடுகள்

மாலை ஆறே முக்கால்... படப்பை தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி உள்ளே போகும் ரோடு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை.

பிரசன்னா, பகடையைக் கீழே வை. நான் முடிக்கும்வரை யாரும் உருட்டக் கூடாது. இது என் சிநேகிதி சின்மயியின் பெரியம்மா மகன் நிகிலுக்கு நடந்தது. ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை ஆடுகிறோமே... இதையேதான் அவர்களும் பொத்தேரியில் நிகிலின் அறையில் ஞாயிறுதோறும் ஆடினார்கள். நிகில் போர்வீரன். ஜெரூஷா என்ற பெண், சூனியக்காரி.

ஒரு ஞாயிறு அவள் போர்வீரன்மேல் சாபம் போட்டாள். அவன் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கெடும். விளக்கு, கயிறு, தலைக்கவசம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்... தேவைப்படும் நேரத்தில் கைவிடும். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு காகிதத்தில் தன் பொருள்களின் பட்டியல் வைத்திருப்பார்கள்; கெட்டுப்போன பொருளை அதில் கோடு போட்டு அடிப்பது சாபம் போட்டவர்தான். ஜெரூஷா பச்சை மைப் பேனாவால் அடிப்பாள்.

"அடுத்த வாரம் வந்து ஒவ்வொண்ணா அடிக்கிறேன்டா," என்று சிரித்துவிட்டுக் கிளம்பினாள்.

வீடு போய்ச் சேரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் மணலில் ஸ்கூட்டர் சறுக்கியது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அடக்கத்தன்று அவள் அப்பா சவுரிமுத்துவிடம் நிகில் சொன்னானாம்: "அவ எப்பவுமே ஸ்பீடுதான் அங்கிள். நாங்க எவ்ளோ சொல்லிட்டோம்." அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டாராம். அதைச் சொல்ல அவனுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ... நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஏன் என்று கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்த ஏரிக்கரை ரோடு. வேலை முடிந்து பைக்கில் வருகிறான். சட்டென்று ஹெட்லைட் அணைந்தது. பத்தடி போவதற்குள்... டப். கிளட்ச் கேபிள் அறுந்தது. தவளைகூடக் கத்தவில்லை. எங்கிருந்தோ பசை வாடை.

செல்போன் வெளிச்சத்தில் தோள்பையைத் துழாவினான். மடித்த காகிதம் ஒன்று கையில் பட்டது. அவனுடைய பழைய பட்டியல். விளக்கின்மேல் பச்சைக் கோடு. கயிற்றின்மேல் பச்சைக் கோடு. மை ஈரமாக இருந்தது.

காகிதத்தைப் பைக்குள் திணித்து, போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடியே சின்மயியைக் கூப்பிட்டான். நடந்ததைச் சொல்லி அழுதான்.

"நான்தான் சின்மயி... அன்னிக்கு டீ வாங்க அவ ஹெல்மெட்டை எடுத்துட்டுப் போனேன். கீழ போட்டுட்டேன். உள்ள விரிசல் விட்டுடுச்சு. புது ஹெல்மெட், திட்டுவாளேன்னு பசை போட்டு ஒட்டி, சொல்லாம வெச்சிட்டேன்."

"இப்பவே அவங்க அப்பாவுக்கு போன் பண்ணிச் சொல்லு."



"நாளைக்கு... நாளைக்குச் சொல்றேன்."

சொல்லி முடித்த அடுத்த நொடி சின்மயிக்கு ஒரு சத்தம் கேட்டது. காகிதத்தில் பேனா ஓடும் சத்தம். சர்ர்ர்... நிதானமாக, ஒரே கோடு. பிறகு லாரி ஹாரன்.

இரண்டு நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனில் செத்துப்போன நிகிலின் பொருள்களைச் சின்மயியிடம் கொடுத்தார்கள். காகிதம் பைக்குள்ளேயே இருந்தது. தலைக்கவசத்தின்மேலும் கோடு விழுந்திருந்தது. ஹெல்மெட் அவன் ஒரு வாரம் முன்புதான் வாங்கியது. வெளியே ஒரு கீறல் இல்லை.

சின்மயி அதை எடுத்துக்கொண்டு சவுரிமுத்து வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒன்றுதான் கேட்டாராம்.

"அப்போ எம்பொண்ணு ஸ்பீடா போவலியாம்மா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்து, உள்ளே கையை விட்டுத் தடவினார். நெற்றியிலிருந்து பிடரிவரை நீள விரிசல்... யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள். அவர் கையை எடுத்தபோது விரல்களோடு பசை இழுத்துக்கொண்டு வந்தது.

இன்னும் காயவில்லை.