வலைப்பெட்டிக்குள் தாய்மீன்

— தாய்மீனைத் திரும்ப வலைப்பெட்டிக்குள்ள விட்டது யாரு மாரி?

— நாந்தேன் மதினி. அதுக்கென்ன இப்ப?

— அதுக்கென்னவா? இங்குட்டு வந்து தொட்டியப் பாரு. நேத்துச் சாயங்காலம் பொடிப்பொடியா எத்தனை குட்டி நீந்துச்சு. இப்ப ஒண்ணு இல்ல. எல்லாத்தையும் தின்னுட்டு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிது.

— பெத்தது பெத்ததத் திங்குமாக்கும். கேக்க ஆளு இருந்தா என்னத்தையும் சொல்லுவீக. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

— காக்காய்க்கு. மோலி மீனுக்கு இல்ல. அதுக்குத்தான் அந்த வலைப்பெட்டிய வாங்கித் தொட்டி ஓரத்துல மாட்டியிருக்கு. குட்டி போட்டதும் தாயத் தூக்கி வெளிய விட்டுரணும், குட்டிக மட்டும் வலைக்குள்ள பத்திரமா வளரணும். இந்தா பாரு, நேத்தே உங்கிட்டச் சொன்னேனா இல்லையா?

— சொன்னீக. பெத்த ஈரம் காயல, அதுக்குள்ள அள்ளி அங்குட்டு எறிஞ்சீக.

— தண்ணிக்குள்ள கெடக்குற மீனுக்கு ஈரம் காயலையாம்.

— சிரிங்க. நீங்க கடைக்குப் போனதுக்கப்புறம் அது வெளிய நின்னு வலைய முட்டிக்கிட்டே கெடந்துச்சு. எனக்கு மனசு ஒப்பல. பிடிச்சு உள்ள விட்டேன்.

— அது பாசத்துல முட்டல. பசியில முட்டுச்சு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? பெத்தாத்தான தெரியும்.

— சொல்லிட்டேல்ல. அண்ணன் வீட்டுக்குப் பிரசவத்துக்குன்னு பைய எடுத்துக்கிட்டு வந்த நாள்ல இருந்து இதச் சொல்லத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த. மீனைப் பத்தியா பேசுற நீ?

— வேற எதப் பத்திப் பேசணுங்கிறீக?

— உன் வயித்துல இருக்கிறதப் பத்தி. ரெண்டு பொட்டப்பிள்ள போதும், இது வேணாம், கலைச்சிருவோம்னு உன் புருசன் மருது ஒத்தக்கால்ல நின்னப்ப, அவரு கால்ல விழாத குறையாக் கேட்டது யாரு? பெத்து மட்டும் குடுங்க, எங்க பிள்ளையா வளத்துக்கிறோம்னு நானும் உங்கண்ணனும் வந்து நிக்கல? நாட்டரசன்கோட்டையில கண்ணாத்தா முன்னாடி எரியிற சூடத்தக் கையால அணைச்சு சத்தியம் பண்ணினவ நீ.

— மறக்கல. சுட்டது எங்கையிதேன்.

— அப்ப எதுக்கு இந்தக் குத்தல்? பிள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டா நீயும் இப்படித்தான் முட்டுவேங்கிற. ஒனக்கு மனசு மாறிப்போச்சு. நேராச் சொல்லிட்டுப் போ.

— மனசு மாறினது யாருன்னு ஊருக்குத் தெரியும்.

— ஊர இழுக்காத. ஊரு என்னைய என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். ஒரு வளைகாப்புக்குப் போனா, சந்தனக் கிண்ணம் எனக்கு முந்துன ஆளோட நின்னுரும். பழகிப்போச்சு. இந்தப் பிள்ள வருதுன்னுதான் தல நிமிந்தேன். தொட்டில் வாங்கிப் போட்டாச்சு. ஆபீசுல லீவு சொல்லியாச்சு. இது இல்லைன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல மாரி.

— நடிக்காதீக மதினி.

— என்ன சொன்ன?

— நடிக்காதீகன்னேன். எனக்கு வயிறு எரியுது. கலைக்கப் போனவள மறிச்சீக. பெறுன்னீக. இப்ப மாசம் நெறஞ்சு நிக்கிறப்ப கைய ஒதறுறீக. அவரு என்னன்னா, "அண்ணன் வீட்டுப் பேச்சக் கேட்டேல்ல, நீயே கட்டிக்கிட்டு அழு"ங்கிறாரு. இத நான் எங்குட்டுக் கொண்டுபோயி வப்பேன்?

— யாரு கைய ஒதறுனது? வாய்க்கு வந்ததப் பேசாத.

— நல்லாத்தேன் கேக்குறீக. ஒண்ணுந் தெரியாத பாப்பா.

— தெரியாமத்தான் கேக்குறேன். பிள்ளையத் தரமாட்டேன்னு நிக்கிறவ நீ. பழிய ஏன் எந்தலையில போடுற?

— தரமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?

— பின்ன யாரு சொன்னது?

— வந்தன்னைக்கே அண்ணே சொல்லிட்டாக, பிள்ள வேணாம்னு. அவுகள அத்துக்கிட்டு, விவாகரத்து வாங்கிப் போக நீங்களும் சம்மதிச்சிட்டீகளாம். தை பொறந்ததும் இந்த வீட்டுக்கு வேற ஒருத்தி வாறாளாம், அவளுக்கு அடுத்தவ பெத்தது ஆகாதாம்.