நாற்பத்திரண்டு நாள்

மெத்தைக்கு அடியில் படுக்கை விரிப்பைச் செருகும்போது விரல் கெட்டுப்போகும் என்றால் பலர் சிரிக்கிறார்கள். பெருங்களத்தூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு வருடத்தில் நாலைந்து பேராவது அப்படி வருகிறார்கள். விரல் நுனியை நிமிர்த்திப் பிடிக்கும் தசைநாண் மிக மெல்லியது. நீட்டிய விரல் எதிலாவது இடித்துச் சட்டென்று மடங்கினால் அறுந்துவிடும். பெரிய வலி இருக்காது. நுனி மட்டும் தொங்கும், தானாக நிமிராது.

இதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டாம். நுனி மூட்டை நேராக நிறுத்தி, அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் என்ற தாங்குபட்டையைக் கட்ட வேண்டும், நாற்பத்திரண்டு நாள். வாரத்துக்கு ஒரு முறை பிரித்துத் தோலைத் துடைக்கலாம். அப்போதும் விரல் மேசைமேல் நேராகவே கிடக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு முறை மடங்கினாலும் கூடி வந்தது விட்டுப்போகும், மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இந்த விதி தெரிந்தால் போதும், நான் செய்தது உங்களுக்குப் புரிந்துவிடும்.

என் பெயர் ஜெரோம். கை, மணிக்கட்டு, முழங்கை இவற்றின் தசைநாண் கோளாறுகளுக்கு இருபத்தாறு வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். எங்கள் சங்கத்தின் விசாரணைக் குழுவான நீங்கள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் வக்கீலைப் பார்த்துவிட்டு எழுதச் சொன்னார்கள். எனக்கு எந்த வக்கீலும் தேவையில்லை. புகார் கொடுத்தவள் என் மகள் ஏஞ்சல், அவள் எழுதியதில் ஒரு வரியும் பொய்யில்லை.

ஏஞ்சல் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சென்ற பிப்ரவரியில் வார்டில் விரிப்பைச் செருகும்போது வலது நடுவிரல் போனது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. நான்கு வருடம் படித்து, எழுதி, விழுந்து எழுந்து வாங்கிய வேலை. கையில் ஸ்பிளின்டோடு வார்டில் நிற்க அங்கே விடமாட்டார்கள். விரல் நிமிர்ந்தால் விமானம், நிமிராவிட்டால் வீடு.

என் மகன் பிரிட்டோ இரண்டு வருடம் என்று சொல்லி மெல்போர்ன் போனான். ஒன்பது வருடம் ஆகிறது. அவன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று போன என் மனைவி நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறாள். இரண்டு முறை மீனம்பாக்கம் வரை போய் வழியனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பியவன் நான். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, உங்களில் யாருக்கும் அது இல்லாமல் இருக்காது.

முதல் முறை தற்செயல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, விரலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம். என் கட்டைவிரல் வழுக்கி அவள் நுனியை அழுத்திவிட்டது. நான் எதுவும் சொல்லாமல் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் பிரித்தபோது நுனி தொங்கியது.

"டாடி, நான் மடக்கவே இல்ல டாடி. சத்தியமா."

"தூக்கத்துல மடங்கியிருக்கும்மா. நீ என்ன பண்ணுவ? திரும்ப ஆரம்பிப்போம்."

அயர்லாந்துக்காரர்கள் இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள். என் மகள் அதற்குப் பிறகு துப்பட்டாவால் கையைக் கட்டில் கம்பியோடு கட்டிக்கொண்டு தூங்கினாள். தலை வார மாட்டாள். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவாள். சாதம் சிந்தினால் நான் ஊட்டிவிடுவேன். எத்தனையோ வருடம் கழித்து அவளுக்கு நான் ஊட்டினேன். அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டாவது முறை, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். தொடு உணர்ச்சி சோதிக்கும்போது நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பஞ்சால் தடவி, எங்கே படுகிறது என்று கேட்டேன். சரியாகச் சொன்னாள். பிறகு நுனியை மெதுவாக அழுத்தினேன்.

"லேசா இழுக்குது டாடி."

"அப்படித்தான் இருக்கும். ஆறுற நேரம்."

நம்பினாள். நான் வலிக்கும்படி எதையும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கங்கம்மா என்று மீன் விற்கும் அம்மா ஒருவர் முழங்கை வலிக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் கிளினிக்கில் ஏஞ்சலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், என் கைய ஒரே மாசத்துல சரி பண்ட்டீங்கோ. பெத்த பொண்ணு வெரலு இன்னும் தொங்கிகினு கீது?" அதற்கு ஏஞ்சல்தான் பதில் சொன்னாள். "டாடி மேல தப்பில்லக்கா. என் தூக்கந்தான் சரியில்ல." எனக்காகப் பேசினாள். அவளை எண்ணி அன்று பெருமைப்பட்டேன்.

மூன்றாவது முறை அவள் தன் வேலைப் பழக்கத்தை என்மேல் திருப்பினாள். ஊசிக் குழாயை ஒட்டும் பிளாஸ்திரியில் நர்சுகள் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், யாராவது பிரித்தால் தெரிந்துவிடும். ஏஞ்சல் ஸ்பிளின்டின் பிளாஸ்திரியில், பாதி அதிலும் பாதி தோலிலுமாக, கோடு இழுத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். தூக்கத்தில் நகர்ந்தால் கோடு விலக வேண்டும். வாரம் முழுக்க விலகவில்லை. பிரித்தவன் நான் ஒருவன்தான். நான்காவது வாரம், கண்ணை மூடு என்றதும் மூடிக்கொண்டாள். அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் அவளுடைய போன் கண்ணைத் திறந்து வைத்திருந்தது.

அன்றைக்கு அவள் கத்தவில்லை. படத்தை எனக்குப் போட்டுக் காட்டினாள். "மூணு தடவையுமா டாடி?" என்று மட்டும் கேட்டாள். நான் விரலைக் கட்டி முடித்துவிட்டு ஆமாம் என்றேன். ஆம், முதல் முறையையும் சேர்த்துத்தான். மேலே தற்செயல் என்று எழுதியிருப்பதை அடித்துவிடலாம். வழுக்கவில்லை.

பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அயர்லாந்து வேலை அந்த மாதமே வேறு ஆளுக்குப் போய்விட்டது.

உங்கள் கடிதத்தில் நம்பிக்கைத் துரோகம் என்று இருக்கிறது. என் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன். கையைக் காப்பாற்றி ஆளை அனுப்பிவிட்டு, மாதம் ஒரு முறை திரையில் முகம் பார்ப்பவனை நல்ல தகப்பன் என்கிறீர்கள். நான் ஒரு விரலைக் கெடுத்தேன், ஆளை வைத்துக்கொண்டேன். நான்கு மாதம் அவள் எங்கும் போகவில்லை. பிரிட்டோ விஷயத்தில் எனக்கு இந்தத் தைரியம் வரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

வேறு எங்கோ அறுவை சிகிச்சை செய்து, விரலுக்குள் கம்பி வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று புகாரோடு இணைத்த அறிக்கையில் பார்த்தேன். இப்போது நுனி நேராக நிற்கிறது, மடங்கத்தான் மறுக்கிறது. அவசரக்காரர்கள் செய்த வேலை. அந்த மூட்டைப் பக்குவமாகப் பழக்க வேண்டும், அவளுடைய கையை என்னைவிட அறிந்தவர் இல்லை. அறிக்கையில் அவள் விலாசத்தை மட்டும் கறுப்பு மையால் அழித்திருக்கிறீர்கள். அதை எனக்கு அனுப்பி வையுங்கள். நான் போய்ப் பார்க்கும்வரை அந்தக் கையை யாரும் தொட வேண்டாம்.